பெண் வீட்டாரை உள்ளே வைத்துப் பூட்டிய நாள்

மலேசியாவில், ஜொகூர் மாநிலச் செனாயில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் பெண் வீட்டார் வருகிறார்கள் என்று அத்தை தொலைபேசியில் சொன்னதும், "எதுக்கு?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"எதுக்குன்னா? மாப்பிள்ள பாக்கத்தான். ஆளு எப்படின்னு போட்டோல பாத்துட்டேன், இருக்கிற இடம் எப்படின்னு பாக்கணும்னு பொண்ணு சொல்லுது."

"நாமதானே அத்தை பொண்ணு வீட்டுக்குப் போவோம்?"

"அது வேற மாதிரி பொண்ணு லா. ஃபேக்டரியில சேப்டி ஆபிசர். நீ வீட்ட கொஞ்சம் கூட்டிப் பெருக்கி வை. ரெண்டு பேருதான் இருக்கீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். மூணு பேருன்னா சத்திரம் மாதிரி நெனப்பாங்க."

அப்போது நான் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சேப்டி ஆபிசர் என்றால் தலைக்கவசம் எங்கே, காலணி எங்கே என்று கேட்டுக்கொண்டு வருபவர், நாங்கள் அவர் வரும்போது மட்டும் அவற்றைப் போட்டுக்கொள்வோம். அப்படிப்பட்ட ஒருவரைக் கட்டிக்கொண்டு ஆயுள் முழுவதும் வாழ்வதைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. புகைப்படத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

வீடு இரட்டை மாடி வரிசை வீடு. எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் திருட்டு அதிகம் என்பதால் இரண்டு மோட்டார்களையும் கூடத்துக்குள்ளேயே நிறுத்தியிருந்தோம். தொலைக்காட்சி பார்க்கும்போது அவற்றின் மேல் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளலாம். கூடத்தில் வேலை செய்கிற பிளக் ஒன்றே ஒன்றுதான். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன், அந்த எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் என்று மாட்டி, விசிறி, குளிர்பெட்டி, ரைஸ் குக்கர் எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டிருந்தோம். வாசலுக்கும் சன்னல்களுக்கும் கிரில் கம்பிகள். முன்வாசல் கிரிலுக்கு இரண்டு சாவிகள்தான் மிச்சம், மற்ற இருவரிடமும் ஒவ்வொன்று. என்னுடையதை நான் ஏற்கனவே தொலைத்துவிட்டிருந்தேன்.

சுத்தம் செய்யும் பொறுப்பை என் நண்பன் எடுத்துக்கொண்டான். எங்கள் ஊரான லாயாங் லாயாங்கில் என்னோடு பள்ளியில் படித்தவன்; விமான நிலையத்துக்குச் சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். எதையும் வீசியெறிய மனம் வராத பிள்ளை. சுத்தம் செய்வது என்றால் அவனுக்கு ஒரு பொருளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவது. உடைந்த விசிறி, பழைய தொலைக்காட்சி, இரண்டு மெத்தைகள், அவன் சேர்த்து வைத்திருந்த அட்டைப் பெட்டிகள் எல்லாம் அடுப்பங்கரைப் பின்கதவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் மேலே பெரிய பெரிய பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்றைப் போர்த்தினான். சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "சோபா மாதிரி இல்ல?" என்றான். மங்கலான வெளிச்சத்தில் அப்படித்தான் இருந்தது.

அடுத்தது சாமி மேடை. நாங்கள் குடிவந்ததிலிருந்து அங்கே விளக்கு எரிந்ததில்லை. நண்பன் ஜொகூர் பாருவுக்குப் போய் பிளாஸ்டிக் மல்லிகைச் சரம் ஒன்று வாங்கிவந்து படத்துக்கு மாட்டினான். படத்துக்குப் பக்கத்தில் நாள்காட்டி. கீழே விளக்கில் விளிம்பு வரை எண்ணெய் ஊற்றி, திரியையும் நன்றாகத் தூக்கிவிட்டான்.

"பெருசா எரியட்டும் மச்சான். பொண்ணோட அம்மா பாத்தா சந்தோசப்படுவாங்க."

மிச்சமிருந்தது மூன்றாவது ஆள். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். இரவு வேலை முடித்துக் காலையில் பாலம் தாண்டி வந்து, மாடி முன்னறையில் விழுந்தால் பொழுது சாயும் வரை எழுந்திருக்கமாட்டான். இருப்பவர்கள் இரண்டு பேர்தான் என்று சொல்லியாகிவிட்டது, அந்த ஒரு நாள் மட்டும் எங்கேயாவது போய் வா என்று கெஞ்சினோம்.

"எங்க போறது? ராத்திரி பூரா நெருப்புல நின்னுட்டு வரேன். யாரு வந்தாலும் நான் தூங்குவேன்."

சொன்னபடியே காலையில் வந்தான், சாப்பிட்டான், மேலே போய்ப் படுத்துவிட்டான். நண்பனுக்கு அது பொறுக்கவில்லை. "திடீர்னு கைலியோட எறங்கி வந்துட்டான்னா?" என்று கேட்டு, மாடிக்குப் போய் அந்த அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டு, அதில் ஒரு பூட்டையும் மாட்டிவிட்டு வந்தான். நல்ல யோசனைதான் என்று எனக்கும் தோன்றியது.

அவர்கள் நான்கு பேர் வந்தார்கள். பெண்ணின் அப்பா மெலிந்தவர், அதிகம் பேசாதவர். அம்மா உள்ளே நுழைந்ததுமே விளக்கைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நண்பன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். தாய்மாமன் நல்ல பருமன். எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, அது என்ன செய்யப்போகிறதோ என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். கடைசியாக அவள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கிரிலை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். என்னைப் பார்க்க அதற்குப் பிறகுதான் நேரம் கிடைத்தது.

நண்பன் பழக்க தோஷத்தில் எல்லாரும் உள்ளே வந்ததும் கிரிலை இழுத்துப் பூட்டினான். சிவப்பாக இனிக்கிற சிராப் தண்ணியும், உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப்பும் வைத்தோம். மாமன் முதல் சுற்றிலேயே தட்டைப் பாதிக்கு மேல் காலி செய்துவிட்டதால், இன்னும் கொஞ்சம் வாங்கிவருகிறேன் என்று சாடை காட்டிவிட்டு நண்பன் வெளியே போனான். போகும்போது வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போனான். அதுவும் பழக்க தோஷம்தான். எங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மாமன் என் சம்பளம், ஊர், அப்பா அம்மா எல்லாம் விசாரித்து முடித்ததும் அவள் பேசினாள்.

"உங்க கம்பெனியில ஃபயர் டிரில் நடத்துவாங்களா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இருந்தேன். "நடத்துவாங்க. எங்க லைனுக்கு நான்தான் தலை எண்ணுற ஆளு. மணி அடிச்ச உடனே எல்லாரையும் கார் பார்க்குக்குக் கொண்டு வந்துருவேன்."

"வீட்டுல?"

அவள் வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இப்ப இந்த மோட்டாருல நெருப்பு பிடிச்சிருச்சுன்னு வச்சிக்குங்க. எப்படி வெளிய போவீங்க?"

"பின்கதவு இருக்கு."

"பாக்கலாமா?"

"அங்க... சோபா போட்டிருக்கோம்."

"அடுப்பங்கரையிலயா சோபா?"

நான் பதில் தேடுவதற்குள் மாமன் எழுந்துவிட்டார். "சோபா இருக்கா? அத மொதல்லயே சொல்லக்கூடாதா தம்பி? இந்த நாற்காலி என்னைத் தாங்காது." நான் தடுக்கப் போவதற்குள் அடுப்பங்கரைக்குப் போய், பூப்போட்ட விரிப்பைப் பார்த்துத் திரும்பி நின்று, நிம்மதியாக உட்கார்ந்தார்.

முதலில் அட்டைப் பெட்டிகள் போயின. பிறகு மெத்தைகள் இரண்டு பக்கமும் சரிய, மாமன் நடுவே இறங்கினார். முழங்கால்களும் தலையும் மட்டும் தெரிந்தன. விசிறி மேலேயிருந்து உருண்டு அவர் மடியில் வந்து உட்கார்ந்தது. பெண்ணின் அப்பாவும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். இழுக்க இழுக்க அவர் இன்னும் கொஞ்சம் உள்ளே போனார்.

"ஒடச்சிருவீங்க போல, மெதுவா!" என்று அவர் கத்திக்கொண்டிருந்தபோதுதான் கூடத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"பிளாஸ்டிக் எரியிற வாடை வருது."

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. ஒரு கையில் மாமன் இருந்தார். பிறகு அவளுடைய அம்மா சொல்லித்தான் தெரியும். நண்பன் தூக்கிவிட்ட திரி மல்லிகைச் சரத்தை எட்டியிருக்கிறது. சரம் உருகிச் சொட்டி, சொட்டு விளக்கிலேயே விழுந்து, தீ நாள்காட்டிக்கு ஏறியிருக்கிறது. அம்மா பதறிப்போய் சிராப் தண்ணி ஜக்கைத் தூக்கி வீசப்போக, அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"எண்ணெய்ம்மா! தண்ணி ஊத்தாதீங்க!"

கறிபாப் தட்டைக் கவிழ்த்து விளக்கை மூடினாள். அப்புறம் அடுப்பங்கரைக்கு ஓடிவந்தாள். அதுமட்டும் எனக்குத் தெரியும். மாமனுக்கு அடியிலிருந்து படுக்கை விரிப்பை ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு போனாள். அந்த இழுப்பில்தான் மாமனும் வெளியே வந்தார். நானும் அவளுடைய அப்பாவும் அத்தனை நேரம் செய்ய முடியாதது அது. விரிப்பின் மேல் சிராப் தண்ணியை முழுவதும் ஊற்றி நனைத்து, எரிந்துகொண்டிருந்த நாள்காட்டியின் மேல் போட்டு அழுத்திவிட்டாள். நெருப்பு அணைந்தது. ஆனால் அம்மா, "நெருப்பு! நெருப்பு!" என்று கத்துவதை நிறுத்தவில்லை. கூடம் முழுவதும் கறுப்புப் புகை.

எல்லாரும் வாசலுக்கு ஓடினோம். அப்பா கிரிலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"தம்பி, சாவி?"

"என் ஃபிரண்டுகிட்ட இருக்குங்க."

"அவரு எங்க?"

"கறிபாப் வாங்கப் போயிருக்காரு."

"இன்னொரு சாவி?"

மாடியைக் காட்டலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேலே கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு உதைக்கிற சத்தம். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு எங்கள் தலைக்கு மேலே, வாசல் முகப்பில் இருந்த போர்ச் கூரையில், இரும்பு ஒன்று விழுந்து புரளுகிற பெரிய சத்தம்.

"மேல யாரு?" என்று அம்மா கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

கூரை விளிம்பிலிருந்து இரண்டு கால்கள் இறங்கின. பிறகு கைலி. மதில் சுவரில் கால் வைத்து வெல்டர் வாசலில் குதித்தான். முடி நட்டுக்கொண்டிருந்தது. ஒரு கையில் தலையணையை இறுக்கிப் பிடித்திருந்தான். திரும்பிப் பார்த்தால், அவன் வீட்டுக் கிரில் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, முன்பின் தெரியாத நான்கு பேர்.

"யாருங்க நீங்கள்லாம்? எங்க வீட்டுல என்ன செய்யுறீங்க?"

"நீ யாருன்னு மொதல்ல சொல்லு!" என்றார் மாமன்.

"நான் இங்க குடியிருக்கிறவன்."

அம்மா என்னைப் பார்த்தார். "ரெண்டு பேருன்னுதானே சொன்னாங்க?"

அவள் மட்டும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து விசாரணையைத் தொடங்கினாள்.

"எப்படி வெளிய வந்தீங்க?"

"சன்னல் வழியா."

"சன்னல்ல கிரில் இல்லையா?"

"இருந்துச்சு. காலால தள்ளினேன், போயிருச்சு. எல்லாம் துரு."

"ஏன் கதவு வழியா வரல?"

"தெறக்க முடியல. எவனோ வெளிய பூட்டிட்டான்."

அவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இயந்திரத்தின் மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற பார்வை. என் கல்யாணப் பேச்சு அந்த இடத்தில் முடிந்துபோனது. அது எனக்குப் புரிய மாதங்கள் ஆயின.

பிறகு மறுபடியும் அவனிடம், "கையில என்ன?" என்றாள்.

அவன் குனிந்து பார்த்தான். அவனுக்கும் அது அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. "தலகாணி."

"சாவி, போன், ஐசி கார்டு, பாஸ்போர்ட் ஒன்னும் எடுக்கலையா?"

"இதுதாங்க கையில அம்புட்டுச்சு."

அன்று முதன்முறையாக அவள் சிரித்தாள். புகையில் இருமிக்கொண்டே சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டு, கைலியைச் சரிசெய்துகொண்டு, தலையணையை முன்னால் பிடித்துக்கொண்டான்.

நண்பன் அந்த நேரத்தில்தான் வேனிலிருந்து இறங்கினான். எங்களையும் புகையையும் வெல்டரையும் பார்த்து, "அலமாக்!" என்றான். கறிபாப் பையைக் கையிலிருந்து விடாமலே பூட்டைத் திறக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. திறந்ததும் எல்லாரும் அவனைத் தள்ளிக்கொண்டு வெளியே போய் தெருவோர மாமரத்து நிழலில் நின்றார்கள். நண்பன் பையை நீட்டினான்.

"கறிபாப் சூடா இருக்குங்க."

மாமன் எடுத்துக்கொண்டார். போகும்போது பெண்ணின் அப்பா என் தோளைத் தட்டி, "வீட்டுல காத்தோட்டம் கொஞ்சம் கம்மிதான் தம்பி," என்றார். அவ்வளவு நல்ல மனிதர்.

இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. சம்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மோட்டார் இரண்டையும் போர்ச்சில் சங்கிலி போட்டுக் கட்டுங்கள். பின்கதவுக்கு முன்னால் ஒன்றும் வைக்காதீர்கள். எக்ஸ்டென்ஷனைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உடனே மாற்றுங்கள். கிரிலுக்கு உள்ளேயிருந்து சாவி இல்லாமல் திறக்கிற தாழ்ப்பாள் போடுங்கள். கடைசியில், "பிடிச்சிருக்கா இல்லையாங்கிறது வேற. மூணு பேரு அங்க தூங்குறீங்க," என்று எழுதியிருந்தாள்.

இவ்வளவு அக்கறை காட்டுகிற பெண் சம்மதிக்காமல் போவாளா என்று நான் முடிவுகட்டினேன். எக்ஸ்டென்ஷனைத் தொட்டுப் பார்த்தேன். கையை உடனே எடுத்துவிட்டேன். அதன் வயர் மேல் கிடந்த கம்பளத்தைத் தூக்கினால் அடியில் தீய்ந்த பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது. அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

கிரிலைத் தொட வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். வீட்டுக்காரர் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த சீன ஆண்ட்டி. தனி ஆள். மலாயில்தான் பேசுவார். கம்பியை வெட்டித் தாழ்ப்பாள் போடப்போகிறோம் என்றதும் முடியாது என்று சொல்லிவிட்டார். உள்ளேயிருந்து திறக்க முடிந்தால் திருடன் வெளியேயிருந்து கையை விட்டுத் திறப்பான் என்றார். நான் அதை அவளுக்குத் தெரிவித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவளே ஆண்ட்டி வீட்டுக்கு வந்துவிட்டாள். தாழ்ப்பாள் எப்படிப் போடுவது என்று விளக்க வெல்டரும் வந்தான். அன்று அவன் சட்டை போட்டிருந்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தான் என்பதையும் நான் கவனித்தேன். ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று யோசிக்கவில்லை.

"உனக்கு ஏன் நெருப்பைப் பற்றி இவ்வளவு பயம்?" என்று ஆண்ட்டி அவளைக் கேட்டார்.

படிக்கிற காலத்தில் தோழிகளோடு இதே மாதிரி ஒரு வாடகை வீட்டில் இருந்ததாகவும், ஒரு நாள் மாலை அடுப்பங்கரையில் தீப்பிடித்ததாகவும், முன்வாசல் சாவி அடுப்பங்கரைச் சுவர் ஆணியில் தொங்கியதாகவும் அவள் சொன்னாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் இரும்புக் கடப்பாரையோடு வந்து பெயர்க்கும் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். தெருவே கூடி நின்றதாம். "எல்லாரும் எங்களைப் பாக்குறாங்க. நாங்க எல்லாரையும் பாக்குறோம். நடுவுல கம்பி." அவ்வளவுதான் சொன்னாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஆண்ட்டி தன் வாசல் கிரிலைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆண்ட்டி, உங்க வீட்டுச் சாவி எங்க இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

ஆண்ட்டி எழுந்துபோய்க் குளிர்பெட்டியைத் திறந்து, உறைந்த மீன்களுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். திருடன் அங்கே தேடமாட்டானாம். டின் முழுவதும் சாவிகள். எது எந்தப் பூட்டுக்கு என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாசல் சாவியை எடுங்கள் பார்க்கலாம் என்று அவள் சொல்ல, ஆண்ட்டியும் விட்டுக்கொடுக்காமல் கண்ணை இறுக மூடித் துழாவினார். சாவிகள் சில்லென்றிருந்ததால் ஒவ்வொன்றையும் எடுத்து எடுத்துக் கீழே போட்டார். கடைசியில் ஒன்றை வெற்றியோடு தூக்கிக் காட்டினார். அது எப்போதோ விற்றுவிட்ட காரின் சாவி.

ஆண்ட்டி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முதலில் என் வீட்டுக்குப் போடு," என்று வெல்டரிடம் சொன்னார். கைக்கு எட்டாத மாதிரி உள்பக்கம் ஒரு தகடு வைத்துத் தாழ்ப்பாள் போட்டுக்கொடுத்தான். திருடன் கவலை தீர்ந்தது. பிறகு எங்கள் வீட்டுக்கும் போட்டான், மாடிச் சன்னலுக்கும் சேர்த்து. அவள் இரண்டு முறை வந்து திறந்து மூடிப் பார்த்தாள். மூன்றாவது முறை எதற்கு வந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. தாழ்ப்பாளில் குறையொன்றும் இல்லை.

அவளுடைய குறுஞ்செய்திகள் எனக்குத்தான் வந்துகொண்டிருந்தன. தொடக்கத்தில், "பின்கதவு திறக்குதா?" என்று கேட்டாள். பிறகு, "அவர் மாடிச் சன்னலைச் சரிபண்ணிட்டாரா?" என்றாள். அப்புறம், "அவர் வேலை முடிஞ்சு வந்துட்டாரா? பாலத்துல டிராபிக் ஜேம்னு சொன்னாங்க." ஒரு நாள், "அவர் சாப்பிட்டாரா?" என்று மட்டும் வந்தது. அதை நண்பனிடம் காட்டினேன். அவன் படித்துவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தான்.

"மச்சான், இது தீ சம்பந்தப்பட்ட கேள்வி இல்ல."

அந்த வாரமே அவள் என்னை அழைத்தாள்.

"உங்ககிட்ட நேரா சொல்லணும்னு தோணிச்சு. உங்க அத்தை மூலமா சொன்னா நல்லா இருக்காது."

"சொல்லுங்க."

"எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. அவருக்கும் என்னைப் பிடிச்சிருக்கு, உங்கள நெனச்சுத்தான் தயக்கம். உங்ககிட்ட பேச முடியாம தவிக்கிறாரு. ஒரு வாரமா சரியா தூங்கல."

அவன் தூங்கவில்லை என்பது உண்மையிலேயே பெரிய செய்திதான். பெருந்தன்மையாக ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்து வாயைத் திறந்தேன்.

"கேஸ் டியூப் புதுசா மாத்திட்டேன்," என்றேன்.

"தேங்க்ஸ்," என்றாள். அவளுடைய குரல் சரியாக இல்லை.

அன்று மாலை வெல்டர் எழுந்து கீழே வந்தபோது நானே கடையிலிருந்து தே தாரிக் தேநீர் வாங்கிவைத்திருந்தேன். அவன் குடிக்காமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். "டே, என்னைத் திட்டிரு," என்றான். "உன்னை உள்ள வச்சுப் பூட்டினது நாங்க. நீ எப்படியோ வெளிய வந்துட்ட. அதுக்கு என்ன செய்யுறது?" என்றேன். நண்பன் அழுதுவிட்டான். அழவேண்டியவர்கள் நாங்கள் இரண்டு பேர். ஏன் அவன் அழுதான் என்று இன்றுவரை தெரியாது.

அத்தைதான் நெடுநாள் ஆறவில்லை. கறிபாப் வாங்கப் போனவன் சாவியை வைத்துவிட்டுப் போயிருந்தால் நீ இந்நேரம் குடும்பஸ்தன் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார்.

கல்யாணம் ஜொகூர் பாருவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நான் மாப்பிள்ளைத் தோழன். வேறு யாரையும் அவன் ஏற்றுக்கொள்ளவில்லை. மேடைக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தபோது, மணப்பெண் அறையிலிருந்து ஒரு சின்னப் பெண் ஓடிவந்து என் காதில், "அக்கா ஒங்கள கூப்பிடுறாங்க," என்றாள். அறை வாசலில் போய் நின்றேன். முழு அலங்காரத்தில் இருந்தாள். தலையில் இருந்த பூவின் கனத்தில் கழுத்தைத் திருப்பக்கூட முடியவில்லை. கண்களை மட்டும் திருப்பினாள்.

"மண்டபத்து பக்கவாசல் ரெண்டுலயும் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்காங்க. உள்ள எத்தனை பேரு இருக்காங்க பாத்தீங்களா? ஹோம குண்டம் வேற எரியுது. என்னால இப்ப எழுந்து போக முடியாது. நீங்கதான்..."

"இப்பவா? முகூர்த்தத்துக்கு நேரமாயிருச்சு."

"இப்பத்தான்."

மண்டபத்துக் காவலாளியைத் தேடிப் போனேன். வாசலில் இல்லை. அலுவலக அறையில் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து இலை போடக் காத்திருந்தார். பூட்டியது ஏன் என்று கேட்டால், அழைக்காதவர்கள் பக்கவாசல் வழியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள் என்றார். எழுந்தால் இடம் போய்விடும் என்றும் சொன்னார். உங்கள் இடத்தை நானே பிடித்து வைக்கிறேன், விருந்துக்கு நான் பொறுப்பு என்று சத்தியம் செய்து அவரைக் கிளப்பிக்கொண்டு போனேன். முதல் பூட்டு திறந்தது. இரண்டாவதற்கு அவர் கொத்துச் சாவியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உள்ளே கெட்டிமேளம் முழங்கியது.

சாவி திரும்பியது. சங்கிலி என் கையில் வந்து விழுந்தது, நல்ல கனம். கதவைத் தள்ளித் திறந்தேன். உள்ளே எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழுந்து நின்று அட்சதை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடை எனக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன். மாமனின் முதுகுதான் தெரிந்தது.

காவலாளி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அண்ணே, நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா?"

கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லவேண்டியிருந்தது. "ரெண்டு பக்கமும்தான்," என்றேன்.

"அப்ப சாப்பாட்டுக்கு வாங்க. எடம் போயிரும்."

போனோம். இடம் போய்விட்டிருந்தது. இரண்டாம் பந்திக்காக அவரும் நானும் சுவரோரம் நின்றோம். அவர் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பதாகவும், உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றும் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். எங்கே குடியிருக்கிறீர்கள், வீடு எப்படி என்று அடுத்து விசாரிக்கத் தொடங்கினார்.